ட்ரையர் ஷீட்: உருக வேண்டிய நேரத்தில் மட்டும் உருக வேண்டிய பொருள்

துவைத்த துணியைக் காயவைக்கும் இயந்திரமான ட்ரையருக்குள், துணிகளோடு சேர்த்துப் போடும் மெல்லிய துண்டுதான் ட்ரையர் ஷீட். புதிய ஷீட் ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்து விரல்களுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். காகிதம் மாதிரி இருக்கும், ஆனால் காகிதம் இல்லை. துணி மாதிரி இருக்கும், ஆனால் நெய்த துணி இல்லை. மெழுகுவர்த்தியைத் தடவிய மாதிரி ஒரு வழவழப்பு விரலில் ஒட்டும். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால் இழைகள் ஓர் ஒழுங்கில்லாமல் குறுக்கும் நெடுக்குமாகக் கிடப்பது தெரியும். அதே ஷீட்டை ட்ரையரில் ஒரு முறை ஓடிய பிறகு எடுத்துத் தொட்டால் வழவழப்பு பெரும்பாலும் போயிருக்கும், கனமும் குறைந்திருக்கும்.

போனதெல்லாம் எங்கே போனது? சட்டையிலும் துண்டிலும் போர்வையிலும்தான். அந்த வழவழப்பான சரக்கைச் சமைப்பது, ஒரு மெல்லிய துணியில் அதை ஏற்றுவது, ட்ரையருக்குள் சரியான நேரத்தில் அது இறங்கும்படி பார்த்துக்கொள்வது, இந்த மூன்றும்தான் ட்ரையர் ஷீட் தயாரிப்பு. கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. மூன்றாவதில்தான் வில்லங்கம்.

அதற்கு முன்னால் ஒரு தவறான எண்ணத்தைக் களைந்துவிடலாம். பெட்டியின்மேல் ‘சாஃப்ட்னர்’ என்று எழுதியிருந்தாலும், இந்த ஷீட்டின் முதல் வேலை துணியை மென்மையாக்குவது அல்ல என்பது என் கருத்து. அந்த வேலையில் பெரும்பங்கை ட்ரையரே முடித்துவிடுகிறது. அசையாமல் தொங்கிக் காயும் பருத்தித் துண்டு ஏன் விறைத்துப் போகிறது என்று ஜப்பானின் காவோ நிறுவனத்தாரும் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தாரும் ஆராய்ந்து 2020-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நன்றாகக் காய்ந்ததாகத் தெரியும் பருத்தியிலும் கொஞ்சம் நீர் இழைகளைப் பற்றிக்கொண்டு நிற்கிறது, அந்த நீரே பக்கத்துப் பக்கத்து இழைகளைப் பசைபோலப் பிணைக்கிறது என்று அவர்கள் காட்டினார்கள். ட்ரையரில் துணி உருண்டு புரண்டு விழுந்துகொண்டே காய்வதால் அப்படி ஒட்டிக்கொண்டு விறைக்க அதற்கு வாய்ப்பு குறைவு.

ட்ரையர் புதிதாகக் கொண்டுவரும் தொல்லை வேறு. அது நிலைமின்சாரம். இரண்டு விதமான இழைகள் உரசிப் பிரியும்போது ஒன்று எலக்ட்ரான்களை இழக்கிறது, மற்றொன்று வாங்கிக்கொள்கிறது. நைலானும் கம்பளியும் கொடுக்கிற பக்கம், பாலியஸ்டர் வாங்குகிற பக்கம், பருத்தி ஏறக்குறைய நடுவில். துணியில் ஈரம் இருக்கும்வரை இந்த மின்னூட்டம் நீரின் வழியே பரவிக் கரைந்துவிடும். ஈரம் முழுவதும் போன பிறகும் டிரம் சுற்றிக்கொண்டே இருந்தால் கரைய வழியில்லாமல் அது துணியிலேயே தேங்குகிறது. சட்டையின் முதுகில் ஒட்டிக்கொண்ட ஒற்றைக் காலுறையை உரிக்கும்போது படபடவென்று சத்தம் கேட்பது இதனால்தான். முழுக்க முழுக்கப் பருத்தித் துணிகளை அளவாகக் காயவைத்தால் இந்தத் தொல்லை அவ்வளவாக இருக்காது. நைலானும் பாலியஸ்டரும் கலந்து போட்டு, தேவைக்குமேல் ஓடவிட்டால் கேட்கவே வேண்டாம்.

தலையும் வால்களும்

இதற்கு மருந்தாக அமையும் பொருளுக்குக் குவாட்டர்னரி அமோனியம் சேர்மம் என்று பெயர். தொழிலில் இருப்பவர்கள் சுருக்கமாகக் ‘குவாட்’ என்பார்கள். தலைமுடிக்குப் போடும் கண்டிஷனரில் இருப்பதும் இதன் உறவுக்காரப் பொருள்தான்.

குவாட் மூலக்கூறு ஒன்றைத் தலையும் இரண்டு நீண்ட வால்களும் உள்ள உருவமாக மனதில் வரைந்துகொள்ளுங்கள். தலை ஒரு நைட்ரஜன் அணு. அதில் நேர் மின்னூட்டம் இருக்கிறது, ஈரத்தின்மேல் அதற்கு ஆசையும் உண்டு. வால்கள் கொழுப்புச் சங்கிலிகள். ஒவ்வொன்றிலும் பொதுவாக 16 அல்லது 18 கார்பன் அணுக்கள். இழையின் மேல் இது படியும்போது வால்கள் இழைக்கு எண்ணெய் போட்டதுபோல் ஆகின்றன. இழையும் இழையும் உரசுவது குறைகிறது, தொட்டால் வழுக்கலாக, மெத்தென்று தோன்றுகிறது. தலைப்பகுதி காற்றிலிருந்து கொஞ்சம் ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு, மின்னூட்டம் தேங்காமல் நழுவிப் போக வழி செய்கிறது. ஆக, மின்னூட்டம் உண்டாவதும் குறைகிறது, உண்டானது தங்குவதும் குறைகிறது.

ஒளிவுமறைவில்லாமல் சொன்னால், துவைத்து அழுக்கு நீக்கிய துணியின்மேல் மறுபடியும் மிக மெல்லியதாகக் கொழுப்புப் பூசுகிறோம். பின்னால் வரப்போகும் நன்மை தீமை எல்லாவற்றுக்கும் இந்த ஒரே விஷயம்தான் வேர்.

சரி, இதைத் திரவமாக அலசல் நீரிலேயே கலந்துவிடலாமே, ஷீட் எதற்கு? திரவ சாஃப்ட்னர் அப்படித்தான் வேலை செய்கிறது. ஆனால் சோப்புத்தூளின் முக்கியப் பொருள்கள் எதிர் மின்னூட்டம் கொண்டவை, குவாட் நேர் மின்னூட்டம் கொண்டது. இரண்டையும் ஒன்றாகப் போட்டால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு இரண்டுமே வீணாகும். அதனால் சோப்பு போன பிறகு, கடைசி அலசலில்தான் சாஃப்ட்னரை ஊற்ற வேண்டும். தானாக ஊற்றும் வசதி இல்லாத பழைய மெஷின்களில் அந்த நேரம் பார்த்து ஒருவர் எழுந்து போக வேண்டியிருந்தது.

இந்த அலைச்சலை ஒழிக்க நினைத்தவர்களில் அமெரிக்கரான கான்ராட் கெய்சர் முக்கியமானவர். சாஃப்ட்னரை ஒரு துணித்துண்டில் ஏற்றி, துவைத்த துணிகளோடு சேர்த்து ட்ரையருக்குள் போட்டுவிடும் யோசனைக்கு அவர் 1969-இல் காப்புரிமை பெற்றார். ப்ராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் அந்த உரிமையை வாங்கி மேலும் வளர்த்தெடுத்து, 1970-களில் ‘பவுன்ஸ்’ என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. இன்று எந்தக் கம்பெனியின் ஷீட்டை எடுத்தாலும் அடிப்படை அதேதான்: ஒரு துணி, அதன்மேல் உருகக்கூடிய ஒரு பூச்சு.

எப்போது உருக வேண்டும்?

இப்போது அந்த வில்லங்கத்துக்கு வருவோம். பூச்சு எந்த வெப்பத்தில் இளக வேண்டும்?

வெயிலில் நிற்கும் லாரியிலும், காற்றோட்டமில்லாத கிடங்கிலும் பெட்டிகள் நாள்கணக்கில் கிடக்கும். அங்கே பூச்சு இளகினால் ஷீட்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும், அட்டைப்பெட்டியில் எண்ணெய்க் கறை ஏறும். அதற்குப் பயந்து மிகக் கெட்டியாகச் செய்தால் ட்ரையரின் சூட்டில் இளகவே இளகாது. ஷீட் போட்டபடியே திரும்பி வரும். ஆக, கிடங்கின் சூட்டுக்கு மேலே, ட்ரையரின் சூட்டுக்குக் கீழே என்று ஓர் இடுக்கான இடைவெளி. தோராயமாக 45 முதல் 65 டிகிரி செல்சியஸுக்குள் மெல்ல இளகத் தொடங்குவதுபோல் கலவையை அமைப்பது நடைமுறை.

இன்னொரு நுட்பமும் இதில் இருக்கிறது. ட்ரையரைப் போட்டவுடன் துணி சூடாகிவிடுவதில்லை. உள்ளே வரும் வெப்பத்தில் பெரும்பகுதி நீரை ஆவியாக்கவே செலவாவதால், ஈரம் இருக்கும்வரை துணியின் வெப்பம் ஓரளவுக்குமேல் ஏறாது. ஈரம் வற்ற வற்றத்தான் சூடு ஏறும். நிலைமின்சாரம் தலைகாட்டுவதும் அதே கடைசிக் கட்டத்தில்தான். அப்போதைக்குள் பூச்சு இளகி, பல துணிகளில் தொட்டுத் தொட்டுப் பரவியிருக்க வேண்டும். மொத்தமும் ஒரே நேரத்தில் இளகிவிட்டால், முதலில் அகப்பட்ட சட்டையில் திட்டாகப் படிந்துவிடும்.

இந்த நேரக்கணக்கைக் குவாட் தனியாகச் சமாளிக்காது. அதனால் கலவையில் துணைக்கு ஆள் சேர்க்கிறார்கள். ஸ்டியரிக் அமிலம் போன்ற கொழுப்பு அமிலங்களும், கொழுப்பு எஸ்டர்களும் பூச்சு ஷீட்டை விட்டுச் சீராகக் கழன்றுவர உதவுகின்றன. உருகுநிலையை மேலும் கீழும் நகர்த்திச் சரிசெய்யவும் பயன்படுகின்றன. எனக்கு இதில் மிகவும் பிடித்த பொருள் களிமண். ஆமாம், களிமண்தான். பெண்டோனைட் போன்ற நுண்ணிய களிமண்ணைக் கொஞ்சம் சேர்த்தால், உருகிய கலவை தண்ணீராக ஓடாமல் குழைவாக நிற்கிறது. ஷீட்டில் பூசும்போதும் அது தங்கும், ட்ரையரில் உருகும்போதும் பொசுக்கென்று வழிந்துவிடாது.

குவாட்டை ஷீட் தொழிற்சாலைகள் பெரும்பாலும் தாங்களே தயாரிப்பதில்லை. ரசாயன ஆலைகளிலிருந்து மெழுகுச் சில்லுகளாகவோ, சூடான தொட்டிகளில் குழம்பாகவோ வந்து இறங்கும். மூலப்பொருள் மாட்டுக்கொழுப்பு அல்லது பனை எண்ணெய் போன்ற தாவரக் கொழுப்பு. ஆரம்பக் காலக் குவாட்கள் மண்ணிலும் நீரிலும் எளிதில் சிதையவில்லை என்ற கவலை எழுந்து, 1990-களின் தொடக்கத்தில் ஐரோப்பிய உற்பத்தியாளர்கள் திரவ சாஃப்ட்னர்களில் அவற்றைக் கைவிட்டு ‘எஸ்டர்குவாட்’ வகைக்கு மாறினார்கள். இதில் தலையையும் வாலையும் ஓர் எஸ்டர் பிணைப்பு இணைக்கிறது. அந்தப் பிணைப்பு நீரில் உடையக்கூடியது என்பதால் நுண்ணுயிர்கள் எளிதில் மேய்ந்துவிடும். ட்ரையர் ஷீட்டுக்கும் இன்று எஸ்டர்குவாட் பரவலாகப் பயன்படுகிறது.

கொழுப்பு அமிலத்தையும் ட்ரைஎத்தனாலமைன் என்ற நைட்ரஜன் சேர்மத்தையும் சேர்த்துச் சூடாக்கி எஸ்டர் ஆக்கி, பிறகு டைமெத்தில் சல்பேட் என்ற பொருளால் அதற்கு நேர் மின்னூட்டத் தலையை உண்டாக்குவது வழக்கமான முறை. டைமெத்தில் சல்பேட் கடும் நஞ்சு. முழுக்க மூடிய கலன்களும் பயிற்சி பெற்ற ஆட்களும் இருக்கும் ஆலைகளுக்கு மட்டுமே உரிய வேலை இது. ‘வீட்டிலேயே குவாட் செய்யலாம்’ என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

துணியும் பூச்சும்

பூச்சைச் சுமக்கும் துணி பெரும்பாலும் நான்-ஓவன் பாலியஸ்டர், அதாவது தறியில் நெய்யாத துணி. பாலியஸ்டர் மணிகளை 260 டிகிரிக்கு மேல் உருக்கி, நுண்துளைகள் கொண்ட தகட்டின் வழியே பிதுக்கினால் இழைகள் மழைத்தாரை மாதிரி இறங்கும். வேகமாக வீசும் காற்று அவற்றை இழுத்து மெல்லியதாக்குகிறது. கீழே ஓடிக்கொண்டிருக்கும் பட்டையின்மேல் அவை தாறுமாறாக விழுந்து படுக்கின்றன. அந்தப் படுக்கையைச் சூடான உருளைகளுக்கு நடுவில் விட்டு அழுத்தினால் இழைகள் ஆங்காங்கே ஒட்டிக்கொண்டு துணியாகிவிடும். பாலியஸ்டரை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பது இப்போது விளங்கும்: ட்ரையரின் சூடு அதன் உருகுநிலைக்கு அருகில்கூட வராது, புரட்டலில் கிழியவும் கிழியாது. மக்கிப்போகாது என்பது அதன் குறை. அதற்காகத் தாவர இழையில் செய்த ஷீட்களும் விற்பனைக்கு வருகின்றன.

இந்தத் துணி எவ்வளவு லேசானது என்று ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஷீட்டின் அளவு சுமார் 16-க்கு 23 சென்டிமீட்டர், அதாவது 368 சதுர சென்டிமீட்டர். சதுர மீட்டருக்கு 20 கிராம் என்ற தரத்தில் துணியை எடுத்துக்கொண்டால், ஒரு ஷீட்டுக்கான துணி முக்கால் கிராம்கூட வராது. அதன்மேல் ஏறும் பூச்சோ ஒன்றரை கிராம் அளவில் இருக்கும். சுமப்பதைவிடச் சுமை இரட்டிப்பு. தயாரிப்பவர்களுக்குத் துணி வெறும் வாகனம், விற்பது பூச்சைத்தான்.

பூச்சு ஏறும் இடம் தொழிற்சாலையில் இப்படி இருக்கும். சூடான நீரோ நீராவியோ சுற்றிவரும் இரட்டைச் சுவர்த் தொட்டியில் குவாட், கொழுப்பு அமிலம், களிமண் எல்லாம் உருகிக் கலக்கின்றன. வாசனைப்பொருளை மட்டும் ஆரம்பத்திலேயே கொட்டமாட்டார்கள். சூட்டில் அது ஆவியாகிப் பறந்துவிடும். விலை உயர்ந்த பொருளும் அதுதான். பூசுவதற்குச் சற்று முன்னால் சேர்ப்பார்கள். பிறகு வாசனை நாள்பட நிற்பதற்காக அதில் ஒரு பகுதியைச் சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுப்பொருள் வளையத்துக்குள் அடைத்துச் சேர்ப்பதும் உண்டு. துணியில் ஈரம் படும்போது அந்த வளையம் மணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும்.

ஒரு பக்கம் பெரிய சுருளிலிருந்து துணி அவிழ்ந்து வருகிறது. சூடான உருளை ஒன்று உருகிய கலவையை எடுத்துத் துணிமேல் தடவுகிறது. அல்லது துணியே கலவைக்குள் முங்கி எழுந்து, இரு உருளைகளுக்கு நடுவில் பிழிபட்டு வெளியே வருகிறது. உடனே குளிர்ந்த உருளைகளின்மேல் ஓடிப் பூச்சு உறைகிறது. சரியாக உறையாமல் சுருட்டினால் சுருள் முழுவதும் பாறையாகிவிடும் என்பதால் இந்தக் குளிர்விப்பில் அவசரம் கூடாது. அப்புறம் நீளவாக்கில் கீறி, அளவாக வெட்டியோ, கிழித்து எடுக்கும்படி வரிசைத்துளை போட்டோ, மடித்துப் பெட்டியில் அடைக்கிறார்கள்.

சில ஷீட்களை உற்றுப் பார்த்தால் சின்னச் சின்னக் கீறல்கள் தெரியும். அழகுக்காக அல்ல. ட்ரையரில் ஷீட் பறந்துபோய்க் காற்று வெளியேறும் வாய்மேல் அப்பிக்கொண்டால் காற்றோட்டம் அடைபட்டு இயந்திரம் அளவுக்குமேல் சூடாகலாம். கீறல் இருந்தால் காற்றின் அழுத்தத்தில் அது விரிந்து வழிவிடும். 1970-களின் காப்புரிமைகளிலேயே இந்த ஏற்பாடு இடம்பெற்றுவிட்டது.

தரம் பார்க்கும் முறையும் சுவையானது. ஓடும் சுருளின் இடது ஓரம், நடு, வலது ஓரம் என்று மாதிரி வெட்டி எடை பார்ப்பார்கள். ஓரத்துக்கு ஓரம் பூச்சு வேறுபட்டால் உருளையின் அழுத்தத்தில் கோளாறு. பூச்சை ஆல்கஹாலில் கரைத்து, எதிர் மின்னூட்டம் கொண்ட சோப்புப்பொருளைத் துளித்துளியாக விட்டுக் குவாட்டின் அளவைக் கணக்கிடுவார்கள். சோப்பும் சாஃப்ட்னரும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் என்று மேலே பார்த்தோமே, அந்தப் பகையே இங்கே அளவுகோல். கடைசியில் உண்மையான சோதனை: நைலான், பாலியஸ்டர், பருத்தி கலந்த ஒரு மூட்டையை ட்ரையரில் ஓட்டி, வெளியே எடுக்கும் ஒவ்வொரு துணியிலும் எவ்வளவு மின்னூட்டம் மிஞ்சியிருக்கிறது என்று கருவியால் பார்ப்பது.

எங்கே உதைக்கும்?

ஒரு முறை நான் மூன்றே மூன்று சட்டைகளை ட்ரையரில் போட்டு, நல்ல வாசம் வரட்டும் என்று இரண்டு ஷீட்களையும் உள்ளே எறிந்தேன். எடுத்துப் பார்த்தால் வெளிர்நீலச் சட்டையின் நெஞ்சில் எண்ணெய் தெளித்தது மாதிரி திட்டுகள். பாழாய்ப்போயிற்று என்றுதான் நினைத்தேன். உண்மையில் அது உருகிய பூச்சு ஒரே இடத்தில் இறங்கியது, அவ்வளவுதான். துணி குறைவு, சரக்கு அதிகம், பரவ இடமில்லை. திட்டின்மேல் பாத்திரம் துலக்கும் திரவத்தை வைத்துத் தேய்த்து மறுபடி துவைத்ததும் போய்விட்டது. கொழுப்புக்கு என்ன வைத்தியமோ அதேதான் இதற்கும்.

துண்டுகளுக்கு ஷீட் வேண்டாம் என்று பலர் சொல்வதற்கும் காரணம் அந்தக் கொழுப்புப் படலமே. அது நீரை விலக்கும். தொட்டால் மெத்தென்று இருக்கும் துண்டு துடைத்தால் உறிஞ்சாது. வியர்வையை உறிஞ்சி வெளியேற்றும்படி செய்த விளையாட்டு உடைகளுக்கும் மைக்ரோஃபைபர் துணிகளுக்கும் இதே கதி. தீப்பிடிக்காதபடி பதப்படுத்திய உடைகள் விஷயம் இதைவிட முக்கியம். கொழுப்புப் பூச்சு அந்தப் பாதுகாப்பைக் குறைக்கக்கூடும். குழந்தைகளின் இரவு உடைகளுக்கும் தீத்தடுப்பு உடைகளுக்கும் பயன்படுத்த வேண்டாம் என்ற எச்சரிக்கையை ஷீட் பெட்டிகளிலேயே பார்க்கலாம். அதைப் படிக்காமல் தாண்டிப் போகக்கூடாது.

வாசனை பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஆன் ஸ்டைன்மேன் தலைமையில் 2011-இல் வந்த ஆய்வு ஒன்று, வாசனை சேர்த்த சோப்பும் ட்ரையர் ஷீட்டும் பயன்படுத்தியபோது ட்ரையரின் புகைவாயிலிலிருந்து வெளிவந்த காற்றைப் பிடித்துச் சோதித்தது. 25-க்கும் மேற்பட்ட ஆவியாகும் சேர்மங்கள் அதில் இருந்தன. அசிட்டால்டிஹைடும் பென்சீனும் அவற்றில் அடக்கம். பார்த்தது சில வீடுகளை மட்டுமே என்பதால் இதை வைத்துப் பெரிய முடிவு கட்ட முடியாது. ஆனாலும் வாசனை ஒத்துக்கொள்ளாதவர்கள் மணமில்லாத வகையை வாங்கலாம். மின்னூட்டத்தைக் குறைப்பது குவாட்டே தவிர வாசனை அல்ல.

இந்தப் பூச்சே வேண்டாம் என்பவர்கள் கம்பளிப் பந்துகளைப் போடுகிறார்கள். அவை துணிகளைப் பிரித்துவிட்டுக் காற்று புகச் செய்யும். மின்னூட்டத்தில் ஷீட் அளவுக்குப் பலன் தராது. செலவே இல்லாத வழி ஒன்று உண்டு: செயற்கை இழைத் துணிகளைத் தனியாகப் பிரித்துப் போட்டு, லேசான ஈரப்பதம் இருக்கும்போதே எடுத்துவிடுவது.

ஷீட்டையே தொடர்ந்து பயன்படுத்துபவர்கள் பஞ்சு பிடிக்கும் வலையை எப்போதாவது எடுத்துக் குழாய்த் தண்ணீரில் காட்டிப் பாருங்கள். தண்ணீர் கண்ணிகளின் வழியே இறங்காமல் மேலேயே தேங்கி நின்றால், சட்டைக்குப் போக வேண்டிய பூச்சில் கொஞ்சம் அங்கே படிந்திருக்கிறது என்று பொருள். வெந்நீர், துளி பாத்திரத் திரவம், பழைய பல்துலக்கும் பிரஷ் போதும். நன்றாகக் காய்ந்த பிறகு திரும்ப மாட்டுங்கள்.